பலெர்மோவில் பொருளறிவியல் மேற்படிப்பு

சிசிலியின் தலைநகரான பலெர்மோவின் பல்கலைக்கழகம் 1806இல் நிறுவப்பட்டது. இத்தாலிய முறைப்படி மூன்றாண்டு இளநிலை, ஈராண்டு முதுநிலை, அதன்பின் முனைவர் ஆய்வு என இங்கு படிப்பு நகர்கிறது. பொருள்களை ஆராயும் மரபில் இந்நகரின் பெரும்பேறு 1937ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியில் கதிர்பட்ட மாலிப்டினத் தகட்டை அங்கிருந்த இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் அனுப்பிவைக்க, பலெர்மோவில் கற்பித்த இயற்பியலாளர் எமிலியோ செக்ரே, கனிமவியலாளர் கார்லோ பெரியருடன் சேர்ந்து அதிலிருந்து 43ஆம் தனிமத்தைப் பிரித்தறிந்தார். மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமமான டெக்னீசியம் அதுவே. இயற்பியலும் கனிமவியலும் ஒரே மேசையில் அமர்ந்ததால் கிட்டிய வெற்றி இது. பொருளறிவியல் மாணவர் அவசியம் அறியவேண்டிய வரலாறு. ஆனால் இத்தாலியின் 1938ஆம் ஆண்டு இனவாதச் சட்டங்கள் யூதரான செக்ரேயின் பதவியைப் பறித்தன. பலெர்மோ ஓர் அரிய ஆசிரியரை இழந்தது. அவர் கண்டறிந்த தனிமத்தின் பயனோ தொடர்கிறது: அதன் ஒரு வடிவமான, சுமார் ஆறு மணிநேர அரையாயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் இன்று எலும்பு, இதய ஸ்கேன்களில் பெரிதும் பயன்படுகிறது.