தானாகப் பூக்கும் கஞ்சா

பகலின் நீளம் எப்படியிருந்தாலும், குறிப்பிட்ட வயதை எட்டியதும் பூக்கும் கஞ்சாச் செடி வகை. வழக்கமான கஞ்சா குறும்பகல் தாவரம். இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். இதுவோ முளைத்த மூன்று, நான்கு வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடும். இப்பண்பு ருடெராலிஸ் என்ற குட்டையான களைச்செடியிலிருந்து வந்தது. ரஷ்யத் தாவரவியலாளர் யனிஷெவ்ஸ்கி 1924இல் அதைத் தனி இனமாக விவரித்தார். தனி இனம்தானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. போதைப்பொருள் அதில் மிகக் குறைவு. பிற வகைகளுடன் கலந்த பிறகே சந்தைக்கு வந்தது.

இச்செடியை மண்ணில்லாமலும் வளர்ப்பதுண்டு. அதில் ஒரு முறையில் வேர்கள் காற்றூட்டிய ஊட்டக்கரைசலில் மூழ்கியிருக்கும். கரைசலின் அமில காரக் குறியீட்டை 5.5 முதல் 6.5 வரை வைப்பது வழக்கம். அதைத் தாண்டினால் கரைசலில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது; தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். வழக்கமான கஞ்சாச் செடிக்கு இதிலிருந்து தேற நேரம் இருக்கும். தானாகப் பூக்கும் வகைக்கு அந்த அவகாசம் கிடையாது. குன்றிய உருவிலேயே பூத்துவிடும்.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தோர் சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். இந்தியாவில் உரிமமின்றி வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்.