‘தரிசு’ என்ற சொல்லும் தார் பாலைவனமும்

ஏறத்தாழ 2 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த தார் பாலைவனம் வெறும் மணற்காடு அன்று. மணற்குன்றுகளுக்கு இடையே சேவண் புல்வெளிகளும் சரளை நிலங்களும் கேஜ்ரி மரங்கள் நிற்கும் மேய்ச்சல் வெளிகளும் விரிந்து கிடக்கின்றன. கேஜ்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியே.

இந்நிலத்தின் ஒரு பகுதிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஓரண்’. ‘அரண்ய’ என்னும் வடசொல்லின் திரிபு என்பர். தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட பொதுநிலம் அது. கால்நடை மேயலாம், பச்சை மரத்தில் கோடரி படலாகாது. இத்தகைய கட்டுப்பாட்டுக்கு உயிரையே விலையாகத் தந்த வரலாறும் உண்டு. 1730-இல் ஜோத்பூர் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேடி வந்தோரைக் கேஜர்லி சிற்றூரில் அம்ரிதா தேவி மரத்தைத் தழுவி மறித்தார். அன்று பிஷ்னோய் மக்கள் 363 பேர் மாண்டனர் என்பது அச்சமூகத்தின் நினைவு.

வருவாய்த்துறை ஏடுகளோ வேறு மொழி பேசின. வரி தராத நிலத்தைத் ‘தரிசு’ என வகைப்படுத்தும் பிரித்தானிய இந்திய வழக்கம் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. ஓரண்கள் பலவும் அரசுத் தரிசாகப் பதிவாயின. தரிசு எனில் எவருக்கும் ஒதுக்கலாம். சூரிய ஒளி, காற்றாலை மின்திட்டங்கள் அவ்வழியே வந்தன. உயரழுத்த மின்கம்பிகள் உடன் வந்தன.

இதற்கு முதற்பலி கானமயில். திறந்த தரையில் பெரும்பாலும் ஒரே முட்டையிடும் இப்பறவைக்கு நாம் ‘வெற்றிடம்’ என்பதே வீடு. கனத்த உடலும் முன்னோக்கிய பார்வைக் குறைவும் உடையதால், கம்பியைக் கண்டு விலக அதனால் இயலுவதில்லை. எஞ்சியவை 150-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்க 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவிடம் விட்டது. தூய மின்சாரமும் தேவை, பறவையும் தேவை என்ற இக்கட்டு மெய்யானது.

ஆயினும் அந்த இக்கட்டைக் கூர்மையாக்கியதில் பதிவேட்டுச் சொல்லுக்கும் பங்குண்டு. ஓரண்களை அளந்து காடாக அறிவிக்குமாறு 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் இராஜஸ்தானுக்குப் பணித்தது. எல்லை வரையும்போது எந்தப் பெயரை ஏற்பது என்ற கேள்வி மீண்டும் எழும். சூழலியல் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களோடு பழைய நில ஏடுகளையும், ஓரணில் ஆடு மேய்ப்பவரின் சொற்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.