மாட்சுயேயில் ஓர் ஆங்கில ஆசிரியர்

பிறநாடு சென்று ஆங்கிலம் கற்பித்தோரின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் கற்பித்தவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்கள் அந்நாட்டு மக்களிடம் கற்றவை யாவை, யாரிடம் கற்றனர் என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படுவதில்லை. லவ்காடியோ ஹேர்ணின் யப்பானிய வாழ்வை இவ்வினாக்களோடு நோக்குவோம்.

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின், யப்பானிய அரசு மேனாட்டு ஆசிரியர் பலரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. எமது நாட்டில் ஆங்கிலம் ஆள்வோரின் மொழியாக வந்தது. யப்பானிலோ, அது விலைகொடுத்துப் பெற்ற கருவியாக வந்தது. அங்கே வெள்ளை ஆசிரியர் எசமானர் அல்லர். ஊதியம் பெறும் ஊழியரே.

ஹேர்ண் 1850இல் கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்தவர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அமெரிக்காவில் நிருபராயிருந்தபோது, கறுப்பினப் பெண்ணொருத்தியை மணந்தமையால் தொழிலையும் இழந்தார். 1890இல் மாட்சுயே நகரின் நடுநிலைப் பாடசாலையிலும் ஆசிரிய கலாசாலையிலும் ஆங்கிலம் கற்பிக்க வந்து சேர்ந்தார்.

வகுப்பறையே அவருக்கு முதற் பாடத்தைப் புகட்டியது. யப்பானிய ஆசிரியர் மாணவனை அடிப்பதில்லை. அவர் மாணவர்க்குத் தமையன் போன்றவர் என அவர் வியந்து எழுதினார். 1894இல் வெளிவந்த தமது நூலில், மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளையும் எடுத்துச் சேர்த்தார். பிழை திருத்துவதற்காக வாங்கிய ஏடுகளை அவர் ஒரு சமுதாயத்தின் மனத்தை அறிவதற்காகவும் வாசித்தார்.

ஆயினும், அவரது பார்வையில் ஒரு குறையும் இருந்தது. 1890 ஒக்டோபரில் சக்கரவர்த்தியின் கல்விக் கட்டளை வெளியாயிற்று. சக்கரவர்த்தியின் படத்தை வணங்குவது பற்றி மாணவனொருவன் வினவியபோது, மன்னரைப் போற்றுவது அவனது கடமை என ஹேர்ண் விடையளித்தார். 1891இல் தோக்கியோவில் உச்சிமுரா கான்சோ என்னும் ஆசிரியர், அக்கட்டளையின் முன் முறைப்படி தலைவணங்கத் தயங்கியமையால் பதவி இழந்தார். பிறர் பண்பாட்டை மதிக்க விரும்பிய ஹேர்ண், ஆள்வோர் புதிதாக வகுத்த சடங்கையும் மக்களின் மரபாகவே கொண்டுவிட்டார்.

அவரது மெய்யான ஆசான் வீட்டிலேயே இருந்தார். 1891இன் தொடக்கத்தில் அவர் வீட்டுப் பணிக்கு வந்த கொய்சுமி செட்சு, நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண். பள்ளிப்படிப்புச் சிறிதே உடையவர். நெசவு செய்து குடும்பத்தைத் தாங்கியவர். பின்னர் ஹேர்ணின் மனைவியானார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஹேர்ணுக்கு யப்பானிய மொழி சரிவர வராது. இருவரும் தமக்கென ஓர் உடைந்த யப்பானிய மொழியை ஆக்கிக்கொண்டனர்.

செட்சு பழைய புத்தகக் கடைகளில் கதை நூல்களைத் தேடிப் பெற்றார். இரவில் விளக்கைத் தாழ்த்தி அவற்றைக் கூறினார். ஏட்டைப் பார்த்து வாசிக்க ஹேர்ண் இடங்கொடுக்கவில்லை. உன் சொல்லில், உன் எண்ணத்தில் சொல் என்று வற்புறுத்தினார். குருட்டுப் பாணன் ஹோய்ச்சியின் கதை முதலியன அடங்கிய 'குவைதான்' 1904இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஹேர்ண் காலமானார்.

அவர் 1896இல் யப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாக்குமோ என மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றவர். ஆயினும், 'குவைதான்' நூலின் முகப்பில் ஹேர்ணின் பெயர் மட்டுமே உண்டு. கதை தேடி, கதை சொல்லி, அதன் குரலையும் அச்சத்தையும் ஊட்டிய செட்சுவின் பெயர் அங்கே இல்லை.

ஹேர்ணைத் தூற்றுவதற்காக இதனைக் கூறினோமல்லோம். தாம் கற்பிக்கச் சென்ற இடத்தில் செவிசாய்த்துக் கற்க முனைந்தமையே அவரது பெருமை. ஆனால், பிற மக்களிடம் கற்க விழையும் ஆசிரியருக்கு இரு கடமைகள் உள. அரண்மனையின் குரலையும் அடுக்களையின் குரலையும் அவர் பிரித்தறிய வேண்டும். அடுக்களையிற் கற்றதை அங்குள்ளோரின் பெயராலேயே உலகுக்குச் சொல்லவும் வேண்டும். வகுப்பறையில் நாள்தோறும் எளியோரின் பிள்ளைகளிடமிருந்து கற்றுவரும் ஆசிரியராகிய நாமும் இக்கடனைப் பட்டுள்ளோம்.