ஒரே சாலை, இரண்டு நம்பர் பிளேட்: வி-லேன் பிறந்த கதை

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். தொழிற்பேட்டை இருப்பதால் லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். சாலையோர டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், பி.ஒய். என்று தொடங்கும் வண்டியும் டி.என். என்று தொடங்கும் வண்டியும் மாறி மாறிக் கடந்து போகும். சாலை ஒன்றுதான். ஆனால் எந்த வண்டி எந்த ஊர்க் கணக்கு என்பதை நம்பர் பிளேட் சொல்லிவிடும்.

இப்படி ஒரு நிலைமை ஏன் வந்தது? 1674-இல் புதுச்சேரியில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள் நிலத்தை ஒரே துண்டாகப் பெறவில்லை. வில்லியனூர், பாகூர் பகுதிகள் 18-ஆம் நூற்றாண்டில்தான் அவர்கள் கைக்கு வந்தன. நடுநடுவே இருந்த ஊர்கள் ஆங்கிலேயர் பக்கம் போயின. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறிய பிறகும் எல்லைக்கோடு அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் இன்றும் புதுச்சேரிப் பகுதி தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. காரைக்கால் தெற்கே தனியாக, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். இடத்தால் நான்கு, நிர்வாகத்தால் ஒன்று!

"எங்கே இருக்கிறது" என்பது வேறு, "யாரைச் சேர்ந்தது" என்பது வேறு. புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிப்போன இந்த விஷயத்தைக் கணினி வலையமைப்பு கற்றுக்கொள்ள ஏறத்தாழ 25 வருடங்கள் ஆயின. அதுதான் வி-லேன், அதாவது மெய்நிகர் உள்ளூர் வலையமைப்பின் கதை.

1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினர். ஒரு நீளமான கேபிள், அதில் வரிசையாகக் கணினிகள். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல்; இருவரும் நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். பத்துக் கணினிகள் என்றால் சமாளிக்கலாம். நூறு, ஆயிரம் என்றால்? சந்தைக் கடை இரைச்சல்தான்.

பல கேபிள்களைப் பாலம் போல இணைக்கும் பிரிட்ஜ் என்ற கருவி 1980-களில் வந்தது. பிரிட்ஜ்கள் வளையமாக இணைந்தால் செய்தி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ராடியா பெர்ல்மன் 1985-இல் கண்டுபிடித்த ஸ்பானிங் ட்ரீ முறை அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனாலும் "இந்த முகவரிக்காரர் யார்?" என்று ஒரு கணினி போடும் பொது அறிவிப்பு எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

இங்கேதான் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் சின்கோஸ்கி வருகிறார். ஈதர்நெட்டைப் பெரிய அளவுக்கு வளர்ப்பது எப்படி என்பதே அவருடைய கேள்வி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டிவிட்டால் என்ன? சிவப்புச் சீட்டு சிவப்புப் பாதையில், பச்சைச் சீட்டு பச்சைப் பாதையில் போகட்டும் என்பது போன்ற யோசனை. இதுபற்றிச் சேஸ் காட்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1988-இல் வெளிவந்தது. நம்பர் பிளேட் என்ற எண்ணம் பிறந்துவிட்டது.

எண்ணம் சரி, சரக்கு வேண்டுமே! இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கிய கல்பனா என்ற நிறுவனம் 1990-இல் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல போர்ட்டுகளுடன் வந்த முதல் ஈதர்நெட் ஸ்விட்ச் அதுதான். அதுவரை ரவுட்டர் விற்றே வளர்ந்த சிஸ்கோ, ஸ்விட்ச் சந்தை தன்னை விழுங்கிவிடும் என்று உணர்ந்து 1993-இல் கிரெசெண்டோவையும் 1994-இல் கல்பனாவையும் வாங்கிவிட்டது. கல்பனாவுக்குக் கொடுத்த விலை 20 கோடி டாலருக்கும் மேல்!

சரி, இந்த வி-லேன் வேலை செய்யும் விதம் என்ன? சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் கிடங்கு, இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு ஸ்விட்ச். இரண்டு இடத்திலும் கணக்குப் பிரிவுக் கணினிகள் உண்டு, உற்பத்திப் பிரிவுக் கணினிகளும் உண்டு. வி-லேன் இல்லாத காலத்தில் இரண்டு பிரிவையும் பிரிக்க நான்கு ஸ்விட்ச், இரண்டு தனிக் கேபிள் வாங்க வேண்டும். இப்போது கணக்குக்கு வி-லேன் 10, உற்பத்திக்கு வி-லேன் 20 என்று எண் கொடுத்தால் போதும்.

கணினி செருகப்படும் இடம் ஆக்சஸ் போர்ட். அது ஒரே ஒரு வி-லேனைச் சேர்ந்தது. கணினி அனுப்பும் செய்தியில் எண் எதுவும் இருக்காது. எந்தப் போர்ட் வழியாக வந்தது என்பதை வைத்து ஸ்விட்ச்சே தெரிந்துகொள்ளும். தன் தெருவுக்குள் நடந்து போகிறவருக்கு நம்பர் பிளேட் எதற்கு?

இரண்டு ஸ்விட்ச்களை இணைக்கும் இடம் ட்ரங்க் போர்ட். இது மயிலம் சாலை மாதிரி. எல்லா வி-லேன்களின் செய்தியும் ஒரே கேபிளில் போகும். அதனால் ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி அனுப்பப்படும். மறுமுனை ஸ்விட்ச் எண்ணைப் பார்த்து உரிய பிரிவுக்குக் கொடுக்கும். கணினியிடம் கொடுக்கும் முன் எண்ணைக் கழற்றிவிடும். வி-லேன் 10-இல் போட்ட அறிவிப்பு 20-க்குக் கேட்காது.

10-லிருந்து 20-க்குப் பேச வேண்டுமென்றால் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த 2017-க்கு முன் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடி ஞாபகம் இருக்கிறதா? அதேதான். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அங்கே தீர்மானிக்கலாம்.

ஆனால் நம்பர் பிளேட் எப்படி எழுத வேண்டும் என்பதில் ஒற்றுமை இல்லை. சிஸ்கோ ஐ.எஸ்.எல். என்று தன் சொந்த முறையை வைத்திருந்தது. அது செய்தியை முழுதாகப் பொட்டலம் கட்டி 30 பைட் கூடுதலாகச் சேர்க்கும். வேறு நிறுவனங்களும் தத்தம் முறையை வைத்திருந்தன. ஒரு கம்பெனியின் ஸ்விட்ச் வாங்கியவர் அடுத்த ஸ்விட்ச்சையும் அதே கம்பெனியிடம்தான் வாங்கியாக வேண்டும். விலை பேசும் உரிமையே வாடிக்கையாளருக்குப் போய்விட்டது!

இதற்கு முடிவு கட்டியது ஐ.இ.இ.இ. அமைப்பு 1998-இல் ஏற்றுக்கொண்ட 802.1கியூ என்ற பொதுத்தரம். செய்திக்குள் வெறும் 4 பைட் சீட்டு. அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட். 4096 எண்களில் முதலும் கடைசியும் போக 4094 வி-லேன்கள். யாருடைய ஸ்விட்ச்சும் யாருடைய ஸ்விட்ச்சோடும் பேசலாம். பின்னாளில் சிஸ்கோவே தன் புதிய ஸ்விட்ச்களில் ஐ.எஸ்.எல்.-ஐக் கைவிட்டது.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. ட்ரங்கில் எண் இல்லாமல் வரும் செய்தியை ஸ்விட்ச் 'நேட்டிவ்' வி-லேன் என்ற ஒன்றில் சேர்த்துவிடும். அந்த எண் ஒரு முனையில் 10, மறுமுனையில் 20 என்று மாறிக் கிடந்தால் கணக்குப் பிரிவின் செய்தி உற்பத்திப் பிரிவுக்குள் கசிந்துவிடும். ஒரு முனை ட்ரங்க், மறுமுனை ஆக்சஸ் என்று அமைத்துவிட்டாலோ ஒரு வி-லேன் மட்டும் ஓடும், மற்றவை நின்றுவிடும். கேபிள் நன்றாக இருக்கும், விளக்கும் எரியும், செய்தி மட்டும் போகாது. சம்பளப் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படுவதும், மாதக் கடைசியில் பில் போட முடியாமல் நிற்பதும் இப்படிப்பட்ட சின்னத் தவறுகளால் நடக்கக்கூடியவை.

இன்று பெரிய டேட்டா சென்டர்களுக்கு 4094 போதவில்லை. 2014-இல் வெளியான வி.எக்ஸ்-லேன் முறை 24 பிட் எண் கொடுத்து அதை 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தியது. அளவு மாறினாலும் அடிப்படை மாறவில்லை. சாலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம்பர் பிளேட்டை எப்படிப் படிப்பது என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். சேதராப்பட்டு வழியாகப் போகும் எந்த லாரி டிரைவருக்கும் இது தெரியும்.