நுளம்புக்கு மருந்து பழகிட்டுதா?

"நுளம்புக்கு மருந்து பழகிட்டு" என்று கல்குடாவில் எங்கட அம்மம்மா சொல்லுவா. சுவருக்கு டிடிடி அடிக்க ஆட்கள் வந்த காலத்தைக் கண்டவ. அவ சொன்னது பாதிதான் சரி.

1934-35 மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1940களின் நடுப்பகுதியில் டிடிடி வந்தது. 1963இல் நாடு முழுக்கப் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். வென்றாச்சு என்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1968, 69இல் லட்சக்கணக்கானோர் காய்ச்சலில் படுத்தார்கள். திரும்ப டிடிடி அடித்தபோது, 1969இல், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு அதைத் தாங்குவது தெரியவந்தது.

தனியொரு நுளம்பு மருந்துக்குப் பழகுவதில்லை. கூட்டத்தில் சிலவற்றுக்கு, மரபணு மாற்றத்தால், தாங்கும் சக்தி இருக்கும். மற்றதெல்லாம் சாக, மிஞ்சியவைதான் முட்டையிடும். நுளம்புக்கு ஒரு தலைமுறை சில வாரம்தானே! டார்வின் சொன்ன இயற்கைத் தெரிவு, கால் நூற்றாண்டுக்குள்ள எங்கட வீட்டுச் சுவரிலேயே நடந்திருக்கு. மாறினது நுளம்பு இல்ல, நுளம்புக் கூட்டம்.

1977இல் மலத்தியனுக்கு மாறினார்கள். ஆனால் மருந்து மட்டும் போதவில்லை. நுளம்பு வலை, நோயாளியை வேளைக்கே கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுப்பது எல்லாம் சேர்ந்துதான் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

இப்ப டெங்குக்குப் புகையடிக்கிறாங்க. புகையை மட்டும் நம்பினால், தாங்கும் நுளம்பைத் தெரிந்தெடுப்பது நாங்கள்தான். சிரட்டைத் தண்ணியை வெயிலில் கொட்டிப் பாருங்க. எந்த மரபணு இருந்தாலும் அந்தப் புழு தப்பாது.