நீதிமன்றம் விற்கச் சொன்ன வீடு: உள்ளே இருப்பவர் வாடகை தர வேண்டுமா?

சிராங்கூன் சாலையையொட்டிய தெருக்களில், அப்பா காலத்தில் வாங்கிய கடைவீட்டில் ஒரு பிள்ளை கீழே கடை நடத்திக்கொண்டு மேல்மாடியில் வசிப்பது புதிதல்ல. மற்றவர்கள் ஈசூனிலோ உட்லண்ட்சிலோ வீவக வீடுகளில் இருப்பார்கள். பெற்றோர் இருவரும் உயில் எழுதாமல் மறைந்தால், 1967ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு. (முஸ்லிம்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.) பல குடும்பங்களில் பிணக்கு தொடங்குவதும் இங்கேதான்.

கடைவீட்டை மூன்றாக வெட்டிப் பிரிக்க முடியாது. லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் வேறு. பேச்சுவார்த்தை முறிந்தால் உயர் நீதிமன்றம் சொத்தை விற்க உத்தரவிடலாம். விற்பது “தேவையானது அல்லது உகந்தது” என்று தோன்ற வேண்டும் என்பதே சட்டம் வைத்திருக்கும் அளவுகோல். சகோதரரும் அவர் மனைவியும் தம்முடன் பங்குதாரர்களாக இருந்த வீட்டை விற்கக் கோரிய பெண்ணின் வழக்கில், 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. உரிமையாளர்களிடையே உள்ள உறவின் நிலை, சொத்தின் நிலை, விற்காவிட்டால் உறவு மேலும் கெடுமா என்பவற்றைப் பார்க்க வேண்டும் என்றது.

உத்தரவு வந்த மறுநாளே வீடு கைமாறிவிடாது. மதிப்பீடு, வாங்குபவரைத் தேடுதல், கடன், பத்திரம் என்று மாதங்கள் ஓடும். அதுவரை உள்ளே இருக்கும் பங்குதாரர் மற்றவர்களுக்கு வாடகை தர வேண்டுமா? அவரே மற்றவர்களின் பங்குகளையும் வாங்குபவராக இருந்தால்?

பலரும் ‘ஆம்’ என்றுதான் நினைக்கிறார்கள். சட்டத்தின் அடிப்படை விதியோ ‘இல்லை’ என்பது. கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் முழு வீட்டிலும் இருக்க உரிமை உண்டு. தம் வீட்டில் தாம் இருப்பதற்கு வாடகை எதற்கு? 1846ல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு இதை உறுதிசெய்தது. பங்குகளை வாங்க முன்வருவதாலேயே, விற்பனை முடியும் முன் அவர் வாடகைக்காரர் ஆகிவிடமாட்டார்.

ஆனால் விலக்குகள் கனமானவை. மற்றவரை உள்ளே விடாமல் தடுத்தாலோ, துன்புறுத்தி வெளியேற வைத்தாலோ வாடகைப் பொறுப்பு எழும். வன்முறையால் பெண் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த ஒரு வழக்கில், அங்கேயே இருந்துவிட்ட ஆடவர் நியாய வாடகையில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்று 1982ல் ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்குதாரர்களிடையே உடன்பாடோ நீதிமன்ற உத்தரவோ இருந்தாலும் அப்படியே. பூட்டை மாற்றுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். கணக்குப் பார்க்கும்போது அது பெரிய தொகையாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: நியாய வாடகை மாதம் 6,000 வெள்ளி, மூவருக்கும் சம பங்கு. உள்ளே இருப்பவரின் சொந்தப் பங்கு 2,000 வெள்ளி. வாடகைப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பானால், மற்ற இருவருக்கும் சேர்த்து மாதம் 4,000. ஒன்பது மாதத்துக்கு 36,000 வெள்ளி. இது பெரும்பாலும் விற்பனைத் தொகையிலேயே கழிக்கப்படும். மறுபக்கம், கூரை பழுதுபார்த்ததற்கும் கடன் தவணை கட்டியதற்கும் அவர் ஈடு கேட்கலாம். அப்படிக் கேட்டால், வீட்டை அனுபவித்ததும் கணக்கில் வரும்.

வாங்குபவர் வெளியாள் என்றால் கதை வேறு. சாவி கைக்கு வரும் நாள் வரை அவர் உரிமையாளராகக் குடியேற முடியாது. முன்கூட்டியே குடிபுக அனுமதி பெற்றால், ஒப்பந்தத்தில் எழுதிய கட்டணத்தைத் தர வேண்டும். விற்பனை முடிந்தபின் பழைய உரிமையாளர் காலி செய்யாவிட்டால், வாங்கியவரே அவரிடம் இழப்பீடு கோரலாம். கீழ்க்கடையில் வாடகைக்காரர் இருந்தால், விற்பனை முடியும் நாளிலிருந்து அந்த வாடகை புதியவருக்கு. குத்தகை முடிந்தும் வெளியேறாத வாடகைக்காரரிடம் இருமடங்கு வாடகை கேட்கவும் சிங்கப்பூரின் குடிமைச் சட்டம் இடமளிக்கிறது.

மணமுறிவில் பாதை மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு வழியாகச் செல்கிறது. யார் எத்தனை காலம், என்ன நிபந்தனையில் வீட்டில் இருக்கலாம் என்பதை நீதிமன்றமே அங்கு எழுதிவிட முடியும். மற்றக் குடும்ப வழக்குகளிலும், உத்தரவு எழுதப்படும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியவை: வாடகை உண்டா, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, காலக்கெடு தவறினால் வட்டி எவ்வளவு.