கல்லறை தோட்டமான கதை

1776 ஏப்ரல். பாஸ்டனை விட்டு ஆங்கிலேயப் படை கப்பலேறிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எதிர்க்கரையில் சார்ல்ஸ்டவுன் மேட்டில் சிலர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு ஜூன் 17 அன்று பங்கர் ஹில் சண்டையில் விழுந்த டாக்டர் ஜோசப் வாரன் அங்கேதான் புதைந்து கிடந்தார். பத்து மாதம் மண்ணுக்குள் இருந்த உடல். முகம் பார்த்துச் சொல்ல வழியில்லை. கூட வந்திருந்த வெள்ளித் தட்டார் பால் ரிவியர் வாயைப் பார்த்தார். வாரனுக்குப் பொய்ப்பல் கட்டிவிட்டவர் அவர்தான். தன் கைவேலையைப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிட்டார்.

அதோடு வாரனின் அலைச்சல் தீரவில்லை. ஊர்வலமாகக் கொண்டுபோய் கிரேனரி இடுகாட்டில் வேறொரு குடும்பத்தாரின் கல்லறையில் வைத்தார்கள். 1825இல் அங்கிருந்து எடுத்து செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறைக்கு மாற்றினார்கள். 1850களில் அங்கிருந்தும் எடுத்து, ராக்ஸ்பரியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். விடுதலைப் போரில் உயிர்விட்டவருக்கு ஒன்றல்ல, நான்கு குழிகள். முதலாவது போர்க்களம், இரண்டாவது இடுகாடு, மூன்றாவது கோயில் நிலவறை, நான்காவது தோட்டம். அமெரிக்காவில் செத்தவர்களுக்கு இடம் தேடிய வரலாறு முழுவதையும் வாரன் ஒருவரே நடந்து காட்டிவிட்டார் என்று தோன்றுகிறது. அந்த நான்காவது இடம், அதாவது தோட்டக் கல்லறை, பிறந்தது அவருடைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில்தான்.

நம் ஊர்களில் சுடுகாடு, இடுகாடு இரண்டு சொல்லிலும் காடு இருக்கிறது. பிணம் ஊர் எல்லையைத் தாண்டித்தான் போகும். பாஸ்டனில் நேர்மாறு. அங்கே பிணம் ஊர் நடுவில் தங்கியது. கிங்ஸ் சேப்பல் இடுகாடு 1630இல் தொடங்கியது, காப்ஸ் ஹில் 1659இல், கிரேனரி 1660இல். கறுப்புப் பலகைக் கற்கள், அவற்றின் உச்சியில் இறக்கை முளைத்த மண்டையோடு. "நீயும் இப்படித்தான் ஆவாய்" என்று வழிப்போக்கரை மிரட்டுவதே அந்தக் கற்களின் வேலை. விடுதலைப் போராட்டத் தலைவர்கள் ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ், 1818இல் இறந்த பால் ரிவியர் எல்லோரும் கிரேனரியில்தான் இருக்கிறார்கள். பெஞ்சமின் ஃபிராங்ளினின் பெற்றோரும் அங்கேதான், ஆனால் மகன் கிடப்பது பிலடெல்பியாவில். இன்று சுற்றுலா வருபவர்கள் ஒவ்வொரு கல்லாக நின்று வணங்கிப் போகிறார்கள். பிற்காலத்தில் புல் வெட்டவும் நடைபாதை போடவும் தோதாக இருக்கட்டும் என்று அந்தக் கற்களில் பலவற்றைப் பிடுங்கி வரிசையாக நட்டுவிட்டார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. கல் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது.

1820களில் பாஸ்டன் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன நிலத்துண்டு. 1820இல் 43 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 61 ஆயிரமானது. உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதவில்லை. இடுகாடுகளில் குழிக்கு மேல் குழி. தேவாலயங்களுக்கு அடியில் நிலவறை கட்டி அங்கேயும் சவப்பெட்டிகளை அடுக்கினார்கள். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. மேலே பிரசங்கம், கீழே அந்த வாடை. நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் ஜேக்கப் பிகலோ வருகிறார். ஹார்வர்டில் பாடம் சொன்ன மருத்துவர். ஆனால் மனசெல்லாம் செடிகொடிகள் மேல். பாஸ்டனைச் சுற்றி முளைக்கும் தாவரங்களைப் பற்றி 1814லேயே நூல் எழுதியவர். டெக்னாலஜி என்ற சொல்லை இன்றைய பொருளில் அமெரிக்காவில் பரப்பியதும் அவருடைய 1829ஆம் ஆண்டு நூல்தான். 1825 நவம்பரில் சில நண்பர்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, எல்லாச் சபையாருக்கும் பொதுவாக ஒரு கல்லறை நிலம் வேண்டும் என்றார். பாரிஸில் 1804இல் திறந்த பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் கண்முன் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள், நிலம் மட்டும் அகப்படவில்லை. ஆறு ஆண்டுகள் அப்படியே போயின.

முடிச்சை அவிழ்த்தது தோட்டக்கலை ஆர்வலர்களின் சங்கம். 1829இல் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. தலைவர் ஹென்றி டியர்பார்ன். சோதனைத் தோட்டம் போட நிலம் வேண்டும், கையில் பணம் இல்லை. பிகலோவிடமும் அவருடைய நண்பர்களிடமும் குழி வாங்க ஆள் உண்டு, நிலம் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். கேம்பிரிட்ஜுக்கு மேற்கே ஜார்ஜ் பிரிம்மர் என்பவரிடம் 72 ஏக்கர் மேடும் பள்ளமுமான காடு இருந்தது. ஹார்வர்ட் மாணவர்கள் படிப்பை மறந்து உலாவப் போகும் இடம். ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் கவிதையில் வரும் கிராமத்தின் பெயரை அதற்கு வைத்து ஆபர்ன் என்று செல்லமாக அழைத்தார்கள். விலை 6,000 டாலர். ஆளுக்கு 300 சதுர அடி மனை, மனைக்கு 60 டாலர், நூறு பேர் சேர்ந்தால் காடு கைக்கு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். நூறு பேர் சேர்ந்தார்கள். ஆபர்ன் காடு மவுண்ட் ஆபர்ன் கல்லறை ஆயிற்று.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பெரிய புதுமை மரமும் பூவும் இல்லை, அந்த 60 டாலர்தான். அதுவரை குழி என்பது சபையோ ஊரோ பார்த்துக் கொடுப்பது. நாளைக்கு எடுத்தும் விடலாம். வாரனைக் கேட்டால் சொல்வார். மவுண்ட் ஆபர்னில் குழி சொத்தாகிவிட்டது. பத்திரத்தோடு, என்றைக்கும் உனக்கே என்ற உறுதியோடு, குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில். ஏழைக்கு அது எட்டும் விலையில்லை. குடும்ப மனை வாங்க முடியாதவர்களுக்குத் தனிக்குழி விற்கும் ஒரு பொதுப் பகுதியும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஆனாலும் அழகான மேடுகள் காசுள்ளவர்களுக்குத்தான் போயின.

பெயரையும் மாற்றினார்கள். பழைய இடங்களைப் புதைக்கும் நிலம் என்றே வெளிப்படையாகச் சொல்லிவந்தார்கள். புதியதற்கு செமெட்ரி என்றார்கள். கிரேக்க மூலத்தில் தூங்கும் இடம் என்று பொருள். நமக்கு இது புதிதில்லை. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று அரசர்களை அவர்கள் உயிர்விட்ட இடத்தை வைத்தே அடையாளம் சொன்னவர்கள் நம் புலவர்கள். செத்தான் என்று சொல்ல வாய் வராமல் துஞ்சினான் என்றார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் கல்லறைத் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். பிகலோ கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1831 செப்டம்பர் 24. காட்டுக்குள் கிண்ணம் போல் குழிந்த ஒரு பள்ளத்தாக்கில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கூடினார்கள். திறப்புரை ஆற்றியவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி. அந்த ஆண்டு மே மாதம்தான் பத்து வயது மகளைப் பறிகொடுத்திருந்தார். பேச்சு சட்டம் போல் இல்லை, தகப்பன் பேச்சாக இருந்தது. துக்கம் ஆற மரமும் தண்ணீரும் அமைதியும் வேண்டும் என்பதே சாரம். 1845இல் அவரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

வண்டிப் பாதைகளுக்கும் நடைபாதைகளுக்கும் மரம் செடிகளின் பெயரை வைத்தார்கள். வாசலை பிகலோவே வரைந்தார், எகிப்தியப் பாணியில். முதலில் காசு போதாமல் மரத்தில் செய்து, கருங்கல் போலத் தெரியச் சாயம் அடித்திருந்தார்கள். 1840களில்தான் உண்மையான கருங்கல் வந்தது. தோட்டக்கலைச் சங்கத்தோடு போட்ட கூட்டணி நான்கே ஆண்டில் முறிந்தது. சோதனைத் தோட்டம் தலையெடுக்கவில்லை, கல்லறை மனைகளோ விறுவிறுவென்று விற்றன. 1835இல் மனை விற்ற வரவில் சங்கத்துக்கு ஒரு பங்கு என்று பேசிப் பிரிந்தார்கள். பூச்செடி வளர்க்க வந்தவர்களுக்குப் பிணக் குழிகளிலிருந்து வருமானம். டியர்பார்ன் சும்மா இருக்கவில்லை. ராக்ஸ்பரி மேயரானதும் 1848இல் ஃபாரஸ்ட் ஹில்ஸை உருவாக்கினார். வாரன் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் மவுண்ட் ஆபர்ன் புகழ் பெறவில்லை. இடம் புகழ் பெற்றது, பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் குடியிருப்பாளர் என்று ஒரு கல் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஹன்னா ஆடம்ஸைப் பற்றி. மதங்களின் வரலாற்றை எழுதிய பெண், 1831 டிசம்பரில் இறந்தவர். பிறகு கவிஞர் லாங்ஃபெலோ, ஓவியர் வின்ஸ்லோ ஹோமர், மனநோயாளிகளுக்காக மாநிலம் மாநிலமாக அலைந்த டோரத்தியா டிக்ஸ், சமையல் அளவுகளைக் கரண்டிக் கணக்கில் சீராக்கிய ஃபேனி ஃபார்மர், இருபதாம் நூற்றாண்டில் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். பனியாறுகளை ஆராய்ந்த லூயி அகாசிக்குச் செதுக்கிய கல் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆர் பனியாற்றுப் பக்கமிருந்து வந்த பாறை ஒன்று நிற்கிறது. கிறிஸ்டியன் சயன்ஸ் இயக்கத்தை நிறுவிய மேரி பேக்கர் எடியின் கல்லறைக்குள் தொலைபேசி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி நெடுங்காலம் உலவியது. நினைவு மண்டபம் கட்டி முடியும்வரை காவலுக்கு இருந்தவர்களுக்காக வைத்த தொலைபேசி அது. செத்தவருக்கு அழைப்பு வரும் என்றால்தானே கதை சுவைக்கும்.

நான் அங்கே ஒரே ஒரு கல்லைத் தேடிப் போவதென்றால் ஹாரியட் ஜேக்கப்ஸின் கல்லைத்தான் தேடுவேன். வட கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர். எசமானின் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத பொந்தில் ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். பிறகு வடக்கே தப்பி வந்து தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 1897இல் இறந்தார். கை கால் நீட்ட இடமில்லாமல் கிடந்தவருக்குக் கடைசியில் அகலமான தோட்டம்.

பிகலோ நெடுநாள் வாழ்ந்தார். உள்நாட்டுப் போரில் நாடு உடையாமல் தப்பியதற்கு நினைவாக 1872இல் தன் செலவில் ஸ்பிங்க்ஸ் சிலை ஒன்றை அங்கே நிறுவினார். அதற்குள் பார்வை போய்விட்டது. தான் கேட்ட சிலையைக் கையால் தடவித்தான் பார்த்தார். 1879இல் அவரும் அங்கேயே அடக்கமானார்.

இதற்கிடையே யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. துக்கம் இல்லாதவர்களும் கல்லறைக்கு வரத் தொடங்கினார்கள். அன்றைய அமெரிக்க நகரங்களில் மக்கள் காற்று வாங்கப் பெரிய பூங்கா இல்லை. மவுண்ட் ஆபர்னில் மரமும் குளமும் இருந்தன. கும்பல் பெருகவே, பூப்பறிக்காதே, குதிரையேறி வராதே என்று விதி மேல் விதி போட வேண்டியதாயிற்று. 1836இல் பிலடெல்பியா, 1838இல் நியூயார்க் புரூக்ளின் என்று ஊருக்கு ஊர் தோட்டக் கல்லறை முளைத்தது. கல்லறைக்கே இவ்வளவு கூட்டம் என்றால், கல்லறை இல்லாத தோட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று நிலக்கலைஞர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் எழுதினார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் அந்தக் கேள்வியின் பிள்ளை. அதை உருவாக்கிய ஆணையத்தில் கணக்கையும் நிர்வாகத்தையும் கெட்டியாகப் பிடித்தவர் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன். மாசசூசெட்ஸின் வூஸ்டர்காரர். 1903இல் வேறொருவர் என்று எண்ணி ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். உடலை வூஸ்டருக்குக் கொண்டுவந்து, மவுண்ட் ஆபர்னைப் பின்பற்றி 1838இல் தொடங்கிய ரூரல் செமெட்ரியில் புதைத்தார்கள்.

அங்கே அவருக்கு முன்பே தம்பி காத்திருந்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847இல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த டாக்டர் கிரீன். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று கனத்த நூல்களைத் தமிழாக்கித் தந்தவர். உடல்நலம் கெட்டு 1873இல் ஊர் திரும்பினார். திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பை விடவில்லை. கெமிஸ்தம் என்ற வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. 1884 மே மாதம் இறந்தார். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கீழே தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று ஒரு வரி. கல்லில் இன்னது எழுத வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.